ஹைட்ராலிக் சிலிண்டருக்கு லைனர் பொருத்துவது சம்மட்டியின் வேலை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோவையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு தொழிற்கூடங்களில் ஹைட்ராலிக் பிரஸ் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது. தகடு வளைக்கவும், ரப்பர் உருப்படிகளை அழுத்தி வார்க்கவும், பேரிங்குகளை ஏற்றி இறக்கவும், பழைய இரும்பைக் கட்டாக அமுக்கவும் அது வேண்டியிருக்கிறது. இந்த எந்திரத்தின் சிலிண்டர் உட்புறம் தேய்ந்துவிட்டால், அதைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்குள் லைனர் என்னும் புதிய உருளையை இறுக்கமாகப் பொருத்தி, எந்திரத்தை மீண்டும் ஓட்டுவது நெடுநாளைய வழக்கம். புதிய சிலிண்டருக்குப் பணமோ, அது வந்து சேரும்வரை காத்திருக்க நேரமோ இல்லாத உரிமையாளருக்கு இது நல்ல வழிதான். ஆனால் பல கடைசல் பட்டறைகளில் இந்த வேலை இன்றும் சம்மட்டியையும் கேஸ் விளக்கையும் நம்பியே நடக்கிறது. லைனர் பொருத்துவது அளவாலும் வெப்பநிலையாலும் செய்யப்பட வேண்டிய வேலை. அந்த அளவுகளை எழுதித் தராத பட்டறையிடமிருந்து சிலிண்டரைத் திரும்பப் பெறக் கூடாது என்பதை எந்திர உரிமையாளர்களுக்கு எடுத்துச் சொல்லவே, எந்திரப் பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அடைபட்ட திரவத்தின் மேல் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தார். அந்தக் கோட்பாட்டைக் கொண்டு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பிரஸ்ஸும் அதே கோட்பாட்டில்தான் இயங்குகிறது. அழுத்தத்தின் அளவுதான் பன்மடங்கு உயர்ந்திருக்கிறது. 200 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் 250 பார் ('பார்' என்பது அழுத்தத்தின் அலகு; ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) அழுத்தத்தில் எண்ணெய் செலுத்தினால், பிஸ்டன் ஏறத்தாழ 80 டன் விசையுடன் தள்ளும். அதே 250 பார் அழுத்தம் சிலிண்டரின் சுவரையும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வெளிநோக்கி நெருக்குகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. லைனர் போட்ட பின் இந்தச் சுமையை லைனரும் வெளிச்சுவரும் சேர்ந்தே தாங்க வேண்டும். இரண்டும் சுற்றளவு முழுவதும் ஒன்றையொன்று தொட்டு நின்றால்தான் அது நடக்கும். நடுவே ஒரு பக்கம் இடைவெளி இருந்தால், மெல்லிய லைனர் அந்த இடத்தில் தனியாகச் சுமக்க வேண்டியதாகி, விரிந்தோ வெடித்தோ போகும்.

எல்லாச் சிலிண்டருக்கும் லைனர் போடுவது சரியன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மண் அள்ளும் எந்திரத்தின் பக்கெட் சிலிண்டர் போன்றவற்றில் வெளிக்குழாயே ஓரளவு மெல்லியது. அதைக் கடைந்து இன்னும் மெலியச் செய்து லைனர் திணிப்பதை விட, ஹோனிங் செய்த, அதாவது உட்சுவரை நுண்கற்களால் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த, புதிய குழாயை வாங்கி, பழைய அடிமூடியையும் இணைப்புக் கண்களையும் முறையாக வெல்டிங் செய்து பொருத்துவதே பாதுகாப்பு. லைனர் பெரிய பிரஸ்களுக்கு உரியது. அவற்றின் சிலிண்டர் தடித்த வார்ப்பாகவோ அடித்து உருவாக்கிய எஃகாகவோ இருக்கும். உள்ளே கடைந்த பிறகும் அழுத்தத்தைத் தாங்கும் கனம் மிஞ்சும். எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கணக்கிட்ட பிறகே கடைசல் உளியை உள்ளே விட வேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சிலிண்டர் ஏன் தேய்ந்தது என்பது. கழற்றிய சிலிண்டருக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமான கோடுகள் இருந்தால் பிஸ்டன் ராடு வளைந்திருக்கிறது, அல்லது பிரஸ்ஸின் மேசை நேராக இறங்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுற்றிலும் நுண்ணிய கீறல்கள் நிறைந்திருந்தால் எண்ணெயில் அழுக்கும் உலோகத் துகளும் ஓடுகின்றன. வடிகட்டி அடைத்துக்கொண்டு மாற்றுவழி வால்வு வழியாக அழுக்கு எண்ணெய் சுற்றிக்கொண்டிருக்கக் கூடும். அடிப்பகுதியில் குழிக்குழியாகத் துரு இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்தக் காரணங்களைக் களையாமல் புதிய லைனர் போட்டால், பழைய சுவர் பட்ட பாட்டைப் புதிய சுவரும் படும். அடுத்த முறை கடைவதற்கு வெளிச்சுவரில் கனமும் இருக்காது. லைனர் சரியில்லை என்று பட்டறைக்காரரைக் குறைகூறும் உரிமையாளர்களில் சிலர், எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தே நெடுங்காலம் ஆகியிருக்கும்.

இனி அளவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான கேடுகள் இங்கேதான் தொடங்குகின்றன. 200 மி.மீ. உள்விட்டமும் 7.5 மி.மீ. சுவர்க் கனமும் கொண்ட லைனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; அதன் வெளிவிட்டம் 215 மி.மீ. அது இறுக்கமாக உட்கார வேண்டுமானால் அதன் வெளிவிட்டம், கடைந்து வைத்த துளையை விடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். பொறியியலில் பரவலாகப் பயன்படும் எச்7, பி6 (H7/p6) என்னும் பொருத்த முறையில், துளை 215 மி.மீ.-க்கு மேல் 46 மைக்ரான் வரையும், லைனர் 215 மி.மீ.-க்கு மேல் 50 முதல் 79 மைக்ரான் வரையும் இருக்கலாம். ஆக, இறுக்கம் குறைந்தது 4 மைக்ரான், மிகுந்தது 79 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த வேலையை வெர்னியர் காலிப்பரைக் கொண்டு செய்ய முடியாது. லைனருக்கு வெளிப்புற மைக்ரோமீட்டரும், துளைக்குப் போர் டயல் கேஜும், அந்தக் கேஜைச் சரிபார்க்க ஓர் அளவு வளையமும் கட்டாயம் வேண்டும்.

கருவிகள் இருந்தாலும் வெப்பத்தைக் கவனிக்காவிட்டால் அளவு பொய் சொல்லும். லேத்தில் கடைந்து முடித்த சூட்டோடு லைனரை அளப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உலோகம் வெளிக்காற்றை விட 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும்போது, 215 மி.மீ. எஃகு ஏறத்தாழ 77 மைக்ரான் விரிந்திருக்கும். நாம் எதிர்பார்க்கும் இறுக்கத்தின் உச்ச அளவே 79 மைக்ரான்தான்! சூட்டோடு அளந்து 'சரியாக இருக்கிறது' என்று எடுத்து வைத்த லைனர், மறுநாள் காலையில் துளைக்குள் தொளதொளவென்று இறங்கும். அல்லது சூடான துளையை அளந்து அதற்கேற்ப லைனரைக் கடைந்தால், ஆறிய பிறகு அளவுக்கு மீறிய இறுக்கம் ஏற்பட்டு வெளிச்சுவர் விரிசல் காணும். உலகளவில் நீள அளவைகளுக்கு 20 டிகிரி செல்சியஸை அடிப்படை வெப்பநிலையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் 20 டிகிரியைக் கொண்டுவருவது எளிதன்று என்பதை அறிவேன். ஆனால் லைனர், சிலிண்டர், மைக்ரோமீட்டர் ஆகிய மூன்றையும் ஒரே நிழலில் ஓர் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் காலையில் அளக்கலாம். அதற்குக் காசு செலவில்லை. மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களிலும், ஒவ்வோர் ஆழத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலும் அளந்தால் ஆறு அளவுகள் கிடைக்கும். துளை கூம்பாகச் சரிகிறதா, முட்டை வடிவமாகியிருக்கிறதா என்பது இந்த ஆறில் தெரிந்துவிடும்.

சம்மட்டியால் அடித்து இறக்கும்போது நேர்வது என்ன? லைனரின் வாயில் கட்டையை வைத்துத்தான் அடிக்கிறார்கள் என்றாலும், ஒவ்வோர் அடியிலும் விசை ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த லைனரின் முனை, துளையின் சுவரைச் சீவிக்கொண்டே இறங்குகிறது. சீவப்பட்ட சுருள் இரு சுவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் லைனரை உள்நோக்கிப் பிதுக்குகிறது. வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். அந்தப் பிதுக்கத்தின் மேல் பிஸ்டன் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம், ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கிக் கிழிந்த பிறகுதான் தெரியவரும். வார்ப்பிரும்பு லைனராக இருந்தால் அடியின் அதிர்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கவும் கூடும். தள்ளித்தான் பொருத்த வேண்டுமென்றால், லைனரின் நுழைமுனையை 15 டிகிரி அளவில் சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாகக் கடைந்து, எண்ணெய் தடவி, நடுவில் நிறுத்தும் வழிகாட்டித் தட்டு ஒன்றை வைத்து, பிரஸ்ஸில் சீரான வேகத்தில் நிறுத்தாமல் அழுத்த வேண்டும். அழுத்தமானியில் முள் மெல்ல மெல்ல ஏறினால் லைனர் நேராகப் போகிறது என்று பொருள். முள் திடீரென்று துள்ளினால் அந்த நொடியே நிறுத்திப் பின்னோக்கி எடுத்துவிட வேண்டும்.

ஆயினும் பெரிய சிலிண்டருக்குச் சிறந்த முறை வெப்பநிலை வேறுபாட்டைப் பயன்படுத்துவதே. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் கொல்லர், பட்டாவைச் சுற்றிலும் சமமாக நெருப்பு மூட்டிப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றிச் சுருங்கச் செய்வதும் இதே அறிவியல்தான். சமமாக மூட்டுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. சிலிண்டரின் ஒரு பக்கத்தில் கேஸ் விளக்கைப் பிடித்து நிற்பது அவர் செய்ததற்கு நேர் எதிரானது. ஒரு பக்கம் மட்டும் சூடேறிய துளை வட்டமாக இருக்காது. சூடேற்றும் முறையில் வேறோர் ஆபத்தும் உள்ளது. எண்ணெய் வழிகளை அடைத்த நிலையில், உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயோடு சிலிண்டரைச் சூடாக்கினால் அது வெடிகுண்டாகிவிடும். பழைய சீல்களைக் கழற்றாமல் சூடாக்குவதும் கூடாது. அவற்றுள் விட்டான் வகை ரப்பர் இருந்து கருகினால், தோலில் பட்டால் எலும்புவரை அரிக்கக்கூடிய ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகும். சிலிண்டரைச் சூடாக்குவதென்றால் எல்லாத் துளைகளையும் திறந்து, முழுவதும் கழுவி, அடுப்பறையிலோ எண்ணெய்த் தொட்டியிலோ வைத்துச் சீராகச் சூடேற்ற வேண்டும். 150 டிகிரி கூடுதல் வெப்பத்தில் 215 மி.மீ. துளை ஏறத்தாழ 0.38 மி.மீ. விரியும்.

லைனரைக் குளிர்விப்பது இதைவிடத் தூய்மையான வழி. உலர் பனிக்கட்டியின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. அதற்குள் புதைத்து வைத்த 215 மி.மீ. எஃகு லைனர் கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால் 0.4 மி.மீ.-க்கு மேல் சுருங்கும். நமக்கு வேண்டிய இறுக்கம் 0.08 மி.மீ.-க்கும் குறைவு என்பதால், குளிர்ந்த லைனர் துளைக்குள் கையால் விட்டதுபோல இறங்கிவிடும். சம்மட்டிக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது, ஏனெனில் அந்தக் குளிரில் எஃகும் வார்ப்பிரும்பும் நொறுங்கும் தன்மை அடைகின்றன. சிலிண்டரைச் செங்குத்தாக நிறுத்தி, லைனரைத் தூக்கும் கருவியை மேலே நேராக அமைத்து, குளிர்விக்கும் முன்பே ஒரு முறை வெறுமனே தூக்கி இறக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நைட்ரஜனிலிருந்து வெளியே எடுத்த பின் யோசிக்க நேரம் கிடையாது. மேலே படியும் உறைபனியைத் துடைத்துவிட்டு ஒரே மூச்சில் அடிப்படி வரை இறக்க வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் சுவரின் சூட்டை வாங்கி விரிந்து அங்கேயே பிடித்துக்கொள்ளும், பிறகு கடைந்துதான் எடுக்க வேண்டும். இறங்கியபின் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகும் வரை மேலிருந்து எடை வைத்து அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் விரியும்போது லைனர் தன் படியை விட்டுச் சற்றே எழும்பி, அடியில் இடைவெளி விட்டுவிடும்.

திரவ நைட்ரஜனைக் கையாளத் தடித்த உறையும் முகக் கவசமும் தேவை என்பதைப் பலரும் அறிவார்கள். மூச்சுத் திணறலின் ஆபத்தை அறிந்தவர்கள் குறைவு. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். சன்னலைச் சாத்திய சிறு அறையில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனின் பங்கைக் குறைத்துவிடும். நிறமும் மணமும் இல்லாததால் மயங்கி விழும்வரை எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. எனவே இந்த வேலையைத் திறந்த வெளியிலோ காற்றோட்டமான கொட்டகையிலோதான் செய்ய வேண்டும். தனி ஆளாகச் செய்யவே கூடாது. இறுக மூடிய பாத்திரத்தில் அதை வைப்பதும் கூடாது.

அடுத்து நான் சொல்லப் போவதுதான் பெரும்பாலும் கவனத்துக்கு வராத ஆபத்து. லைனருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில், முனை வழியாகவோ எண்ணெய்த் துளையின் விளிம்பு வழியாகவோ, எண்ணெய் கசிந்து புகுந்துவிட்டால் என்ன ஆகும்? பிரஸ் வேலை செய்யும்போது உள்ளே 250 பார், பின்னாலும் கசிந்து சென்ற எண்ணெயில் மெல்ல மெல்ல அதே 250 பார். இரு பக்கமும் சமமாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. ஆனால் வால்வு திறந்து சிலிண்டரின் அழுத்தம் நொடியில் பூச்சியமாகும்போது, பின்னால் சிக்கிய எண்ணெய் அதே வேகத்தில் வெளியேற முடியாமல் லைனரை வெளியிலிருந்து நெரிக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட 7.5 மி.மீ. லைனரில் அப்போது உண்டாகும் அமுக்குத் தகைவு (உலோகத்துக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை), தடித்த உருளைக்கான சூத்திரத்தின்படி ஏறத்தாழ 370 மெகாபாஸ்கல். சாதாரண மென் எஃகு 250 மெகாபாஸ்கலிலேயே நிலையாக உருமாறத் தொடங்கிவிடும். லைனர் உள்நோக்கிக் குழிந்து பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். அப்படிக் குழிந்த லைனரைப் பார்ப்பவர்கள் 'இரும்பு மட்டம்' என்று சொல்லிவிட்டு, இன்னொரு லைனரை அதே முறையில் போடுவதை நான் கண்டிருக்கிறேன். பழி இரும்பின் மேல் விழுகிறது. பிழை பொருத்திய விதத்தில் இருக்கிறது.

இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். லைனரின் வெளிப்புறத்தில் இரு முனைகளுக்கு அருகிலும், எண்ணெய்த் துளைகள் லைனரை ஊடுருவுகிற இடத்திலும், ஓ-ரிங் என்னும் வட்ட ரப்பர் வளையத்துக்கான பள்ளங்கள் வெட்டிச் சீல் அமைக்க வேண்டும். மிகு குளிரில் ஓ-ரிங் ரப்பர் கண்ணாடிபோல் விறைத்து உடையும் என்பதால், குளிர்வித்து இறக்கும் லைனரில் அவற்றை எப்படி அமைப்பது என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். லைனர் இறங்கிச் சமவெப்பம் அடைந்த பிறகு முனையிலிருந்து செருகி மூடியால் அழுத்திப் பிடிக்கும் வகையில் முனைச் சீல்களை அமைப்பது என் அனுபவத்தில் நம்பகமானது. இரண்டாவதாக, இரு சீல்களுக்கும் இடைப்பட்ட பகுதி வெளிக்காற்றோடு தொடர்பு கொள்ளும்படி ஒரு நுண்வழி வைக்க வேண்டும். சீலைத் தாண்டி எண்ணெய் கசிந்தால் அது அழுத்தமாகச் சேராமல் சொட்டாக வெளியே வந்துவிடும். அந்தச் சொட்டே உரிமையாளருக்கு எச்சரிக்கையாகவும் அமையும். வெளிச்சுவரில் துளையிடும் இடத்தில் தகைவு குவியும் என்பதால், துளையின் இடத்தையும் விட்டத்தையும் கணக்குத் தெரிந்த பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். கண்ட இடத்தில் டிரில் வைக்கக் கூடாது. சொட்டுகிறதே என்று அந்தத் துளையைப் போல்ட்டு முறுக்கி அடைத்துவிடுவதும் கூடாது. அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைப்பதாகும்.

எண்ணெய்த் துளைகளின் உள்விளிம்பைக் கூராக விடாமல் உருட்டிவிட வேண்டும். பிஸ்டன் சீல் அந்த விளிம்பைக் கடக்குமானால் முதல் நாளிலேயே அது சீவப்பட்டுவிடும்.

லைனர் உட்கார்ந்த பின் அதன் உள்விட்டம் குறைகிறது. 60 மைக்ரான் இறுக்கத்தில் தடித்த வெளிச்சுவருக்குள் அமர்ந்த மெல்லிய லைனரின் உள்விட்டம் 50 மைக்ரான் அளவுக்குச் சுருங்கும். ஆகவே கடைசி அளவை முன்பே முடித்து வைத்த லைனரைப் பொருத்தி, அப்படியே பிஸ்டனை இறக்குவது தவறு. உள்ளே ஹோனிங் செய்வதற்கான மிச்சத்தை விட்டுக் கடைந்து, பொருத்திய பிறகே ஹோனிங் கற்களால் இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 200 மி.மீ. துளைக்கு எச்8 அளவின்படி 72 மைக்ரான் வரைதான் கூடுதல் இருக்கலாம். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 முதல் 0.4 மைக்ரான் வரை இருப்பது பெரும்பாலான சீல்களுக்கு ஏற்றது. அதைவிடச் சொரசொரப்பாக இருந்தால் சீல் தேயும். கண்ணாடிபோல் மிகவும் வழவழப்பாக இருந்தால் எண்ணெய்ப் படலம் நிற்காமல் சீல் சூடாகும். எமரித் தாளைக் கம்பில் சுற்றி உள்ளே விட்டுத் தேய்ப்பது ஹோனிங் ஆகாது. ஹோனிங் முடிந்ததும் மண்ணெண்ணெயால் மட்டும் துடைத்தால் கல் துகள்கள் கோடுகளுக்குள் தங்கிவிடும். சோப்பு கலந்த வெந்நீரில் தூரிகையிட்டுக் கழுவி, உலர்த்தி, நூல் உதிராத வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராத வரை திரும்பச் செய்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். இந்தக் கழுவலைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் அரை மணி நேரத்துக்காகப் புதிய சீல்களையும் பம்பையும் பலி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

சீல் வாங்கும்போது அளவைப் போலவே ரப்பரின் வகையையும் எண்ணெயின் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமான கனிம எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் பொருந்தும். ஈ.பி.டி.எம். ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். எளிதில் தீப்பிடிக்காத பாஸ்பேட் எஸ்டர் திரவம் ஓடும் எந்திரங்களில் இது நேர்மாறாகும்.

பொருத்திய சிலிண்டரை எந்திரத்தில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பதைச் சோதனை என்று சொல்ல முடியாது. ஹைட்ராலிக் சிலிண்டர்களை ஏற்றுக்கொள்வதற்கான சோதனைகளை ஐ.எஸ்.ஓ. 10100 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்துள்ளது. உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றி, எண்ணெயால் அழுத்தம் கொடுத்து, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை படிப்படியாக ஏற்றி நிறுத்தி, வெளிக்கசிவும் பிஸ்டனைத் தாண்டும் உட்கசிவும் இருக்கிறதா என்று பார்ப்பது தொழிலில் நிலவும் நல்ல வழக்கம். கம்பிரஸர் காற்றால் இதைச் செய்யத் துணியக் கூடாது. எண்ணெய் சிறிதளவே அமுங்கும் என்பதால் கசிந்தவுடன் அழுத்தம் விழுந்துவிடும். அமுங்கிய காற்றோ தன் ஆற்றல் முழுவதையும் ஒரே நொடியில் வெளியே கொட்டும். சோதனையின்போது கசிவைத் தேடிக் கையால் தடவுவதும் கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும், கசிவு தெரிந்துவிடும். தோலுக்குள் எண்ணெய் பாய்ந்துவிட்டதென்று சந்தேகம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், ஹைட்ராலிக் எண்ணெய் பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லி உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பட்டறைக்காரர்களின் நிலை எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் சிலிண்டரை இறக்கிவிட்டு மாலையில் வேண்டும் என்று நிற்கும் வாடிக்கையாளர், ஓர் இரவு ஆறவைத்து அளக்க வேண்டும் என்று சொன்னால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார். கூலியும் கடைசல் வேலைக்குத்தான் கிடைக்கிறது. அளப்பதற்கும் கழுவுவதற்கும் சோதிப்பதற்கும் யாரும் தனியே தருவதில்லை. இந்த நிலையில் நல்ல தொழிலாளி கூட அவசரத்துக்கு இடம்கொடுத்துவிடுகிறார். ஆகவே மாற்றம் வாடிக்கையாளரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அளவுக்கும் சோதனைக்கும் தனிக் கூலி தர உரிமையாளர்கள் முன்வர வேண்டும். அதற்கு ஈடாக எழுத்தில் ஓர் அளவுத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். கடைந்த துளையின் ஆறு அளவுகள், லைனரின் வெளிவிட்டம், அளந்தபோது இருந்த வெப்பநிலை, பொருத்திய முறை, ஹோனிங்குக்குப் பிந்தைய உள்விட்டம், மிச்சமுள்ள வெளிச்சுவரின் கனம், சோதனை அழுத்தமும் நிறுத்திய நேரமும் ஆகியவை அந்தத் தாளில் இருந்தால் போதும். அடுத்த முறை அந்தச் சிலிண்டரைப் பிரிப்பவருக்கும் அதுவே வழிகாட்டும்.

திரவ நைட்ரஜன் குடுவை, பெரிய ஹோனிங் எந்திரம், அழுத்தச் சோதனை மேடை ஆகியவற்றை ஒவ்வொரு சிறு பட்டறையும் தனித்தனியே வாங்குவது நடவாத காரியம். சிறு, குறுந்தொழில் கூட்டங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க உதவும் ஒன்றிய அரசின் திட்டம் இருக்கிறது. கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள் அந்த வழியில் இத்தகைய ஒரு மையத்தைக் கோவையில் அமைக்க முயல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளில் பயிலும் மாணவர்களுக்கு, இறுக்கப் பொருத்தத்தைக் கரும்பலகையில் மட்டும் கற்பிக்காமல், ஒரு சிறு லைனரையாவது உலர் பனிக்கட்டியில் குளிர்வித்து அவர்களே பொருத்தி, ஹோனிங் செய்து, எண்ணெய் அழுத்தத்தில் சோதித்துப் பார்க்கும் பயிற்சியை அளிக்க வேண்டும். அதற்கு வேண்டிய உலர் பனிக்கட்டிக்கும் ஒரு துண்டுக் குழாய்க்கும் ஆகும் செலவை அருகிலுள்ள தொழிற்சாலைகள் ஏற்றுக்கொள்ளலாம். பாடம் நடத்த ஆள் வேண்டுமென்றால், என்னைப் போல் ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற எந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.